ஜூடித்தின் நாக்குக்கு ஏழு கடிதங்கள்

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடிதம் எழுதிப் பழகியவன் நான். ‘பொருள்’ என்று ஒரு வரி மேலே போடாவிட்டால் எனக்குக் கை ஓடாது.

பொருள்: சென்ற நவம்பர் இருபத்து நான்கு, திங்கள் முதல் ஞாயிறு வரை ஜூடித் மேடம் சாப்பிட்டவை, அதன் தொடர்ச்சியாக டிசம்பரில் நான் செய்த தப்பு.

ஜூடித்தும் நானும் டொம்லூரில் ஒரே அலுவலகத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறோம். அவர் முன்வாசலில் தொலைபேசியும் வருகைப் பதிவும் பார்ப்பவர். நான் உள்ளே தபால் பிரிவில். அவருக்கு நாற்பத்தொன்பது வயது, எனக்கு ஐம்பத்தொன்று. மதியம் ஒரே மேஜையில் சாப்பிடுவோம். அவர் டப்பாவிலிருந்து பாதி எனக்கு வந்துவிடும்.

அக்டோபரில் அவருக்கு இடது காதுக்குக் கீழே எச்சில் சுரப்பியில் இருந்த கட்டியை எடுத்தார்கள். டிசம்பர் முதல் தேதியிலிருந்து முப்பது நாள் கதிர்வீச்சு சிகிச்சை என்றார்கள். மூன்றாவது வாரத்தில் ருசி போய்விடும், திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு முழுசாக வராமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டுவிட்டு ஜூடித் நேராக அலுவலகத்துக்கு வந்து என் மேஜை முன்னால் நின்றார்.

“கேசவா, ஒரு வாரம் லீவ் போடறேன். ஊர் பூரா சாப்பிடப் போறேன். நீயும் லீவ் போடு.”

“நான் எதுக்கு மேடம்?”

“எழுதறதுக்கு மேன். ஒரு நாளைக்கு ஒரு லெட்டர், ஏழு நாளைக்கு ஏழு. நாக்கு போனப்புறம் நான் எதைப் படிச்சுட்டு உக்காந்திருக்கிறது?”

அந்த ஏழு கடிதங்களும் இப்போது மர்ஃபி டவுனில் அவர் வீட்டில் இருக்கின்றன. நீங்கள் படிப்பது எட்டாவது. இதை அவர் கேட்கவில்லை.

2.

ஆரம்ப வரியை மூன்று தடவை எழுதி அடித்திருக்கிறேன். அடித்ததையும் விட்டுவைக்கிறேன். நான் சுத்தமாக எழுதுகிறவன் என்று நீங்கள் நினைத்துவிட்டால் பின்னால் வருகிற தப்பை நம்பமாட்டீர்கள்.

“பெங்களூரின் நவம்பர்க் குளிரில் வெண்ணெய் உருகும் மணம்” – இதற்குமேல் போகவில்லை. மணத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஈஜிபுராவில் என் வீட்டுக்குக் கீழே ஆறு வருடமாக ஒரு பிரியாணிக் கடை இருக்கிறது. ஜூடித் ஒரு நாள் வந்து சொன்ன பிறகுதான் அங்கே பட்டை அதிகம் போடுகிறார்கள் என்றே எனக்குத் தெரிந்தது.

“நோய் ஒரு மனிதரை எவ்வளவு” – இது பிரசங்கம். அவர் படித்தால் காகிதத்தைச் சுருட்டி என் தலையில் அடிப்பார்.

“ஜூடித் என்றொரு பெண் இருந்தாள்” – இருந்தாள் என்ன இருந்தாள்? இருக்கிறார். நாளைக் காலை எட்டரை ஆராதனைக்குப் போகிறார். அடித்துவிட்டேன்.

(செங்கத்தில் நான் ஒன்பதாவது படித்தபோது கடிதம் எழுதும் கேள்விக்கு எப்போதும் முழு மதிப்பெண். அனுப்புநர், பெறுநர், தேதி, இடம் எல்லாம் அதனதன் மூலையில் இருக்கும். ஒரே ஒரு தடவை தமிழய்யா ஓரத்தில் எழுதினார்: “எல்லாம் இருக்கிறது. செய்தி எங்கே?”)

3.

திங்கட்கிழமை. பசவனகுடியில் ஒரு வெண்ணெய் தோசைக் கடை. அன்று நான் எழுதிய முதல் கடிதத்தை அப்படியே தருகிறேன்.

“அன்புள்ள ஜூடித் மேடம், இன்று காலை 8.10க்கு வரிசையில் நின்றோம். 8.35க்கு இடம் கிடைத்தது. ஜன்னலோரம், நான்காவது மேஜை. தோசை ஆளுக்கு ஒன்று, பிறகு பாதி பாதி. சட்னி இரண்டு முறை வாங்கினோம். 8.58க்கு எழுந்தோம். நன்றாக இருந்தது. இப்படிக்கு, ஆதிகேசவன்.”

மறுநாள் பஸ்ஸில் இதைப் படித்துவிட்டு அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“இது லெட்டரா, கொரியர் சிலிப்பா?”

“எதையும் விடலையே மேடம்.”

“தோசையை விட்டுட்டியே மேன். நன்றாக இருந்ததாம்! எது நல்லா இருந்துச்சு? ஓரமா, நடுவா?”

“ரெண்டும் ஒரே தோசைதானே?”

முன்சீட்டில் இருந்த அம்மாள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். “ஓரம் கருகற வரைக்கும் போய் நிக்கும், கருகாது. நடுவுல வெண்ணெய் குளம் கட்டி நிக்கற இடத்துல மாவோட புளிப்பு கம்மியாயிடும். நாக்கு ஓரத்துலேர்ந்து நடுவுக்கு வரும்போது, புளிப்பு மெல்ல மெல்ல எறங்கும் பாரு, அதான் அந்தக் கடை. பதினோரு வருஷமா என் டப்பால கை விட்டு என்னத்தடா தின்ன நீ?”

பஸ் டிக்கெட்டை எடுத்து அதன் எண்ணைப் பார்த்தேன்.*

* என்ன தின்றேன் என்று இப்போதும் தெரியாது. ஆனால் அவர் சாப்பிட்ட விதத்தை நான் கவனித்திருந்தேன். அதை ஏன் கடிதத்தில் எழுதவில்லை என்று தெரியவில்லை. முதல் விள்ளலை வாயில் வைத்ததும் பேச்சை நிறுத்துவார். போனைக் கவிழ்த்து வைப்பார். தலையைச் சற்றே இடப்பக்கம் சாய்ப்பார். அலுவலகத்தில் ஒரே நேரத்தில் நாலு இணைப்பில் பேசுகிறவர்களைக் குரலை வைத்தே பிரித்து அனுப்புவாரே, அப்போதும் தலை இப்படித்தான் சாய்ந்திருக்கும்.

4.

செவ்வாய்க்கிழமை ஆனேக்கல். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சாப்பாட்டுக் கடை, கேழ்வரகு முத்தே (நம் ஊர்க் களி உருண்டைதான்), நாட்டுக்கோழிச் சாறு. நான் முத்தேயைப் பிட்டு வாயில் போட்டு மென்றேன். பரிமாறுகிறவர் பதறிப்போய்விட்டார்.

“அகிபேடி சார்! நுங்கி, நுங்கி!”

“மெல்லாத, முழுங்குன்றாரு” என்றார் ஜூடித். “முத்தேவைப் போயி மெல்லுவாங்களா? சாறுல பொரட்டு, உள்ள தள்ளு. தொண்டைல எறங்கும்போது தெரியும்.”

விழுங்கினேன். சூடாக, வழவழவென்று, ஒரு உருண்டை நெஞ்சுக்குள் இறங்கிப்போவது தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தால் ஜூடித் கையைக் கூடக் கழுவாமல் இடது கையால் தன் நோட்டைத் திறந்து எழுதிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் மூன்று பத்தி கோடு போட்டிருந்தார். நாக்குக்கு, தொண்டைக்கு, காதுக்கு.

“இது தொண்டை சாப்பாடு, கேசவா. இதுக்கு நாக்கே வேணாம். பிப்ரவரியிலயும் இது எனக்கு உண்டு.” முத்தே என்று இரண்டாவது பத்தியில் எழுதினார். “நிப்பட்டு, அதான் தட்டை, காதுக்கு. கடிச்சா சத்தம் வரும்ல, அது போதும். ஐஸ்கிரீமை எங்க போடறது? சில்லுன்னு இருக்கறது பல்லுக்கா, தொண்டைக்கா?”

“நாலாவது பத்தி போடலாம் மேடம். ‘இதர’ன்னு.”

“பாரு, நீயும் உருப்படியா ஒண்ணு சொல்லிட்ட.”

இந்த இடத்தில் அவர் கண் கலங்கியது என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். எழுதியும் பார்த்தேன். நடந்தது அதுவல்ல. யாருக்கு எந்த அறை என்று விருந்தாளிகளைப் பிரித்து அனுப்புகிற மாதிரி, தன்னை விட்டுப் போகப்போவதையும் தன்னிடம் தங்கப்போவதையும் பிரித்துக்கொண்டிருந்தார். முதல் பத்திதான் நீளமாக இருந்தது. அதை எழுதும்போது மட்டும் எழுத்து பொடிப்பொடியாக ஆனது.

5.

இப்போது ஒரு பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வருகிறது. ஜூடித்தின் தம்பி ஷெர்வின். நாற்பத்தொரு வயது, ஜிம் பயிற்சியாளர். கோழிக்கறியைத் தராசில் வைத்து நிறுத்துச் சாப்பிடுகிறவர். உணவுப் பிரியைக்கு இப்படி ஒரு தம்பியா, சிரிப்புக்காக ஆசிரியர் சேர்த்துக்கொண்டார் என்றுதானே தோன்றும்? அவரை வங்கி ஊழியராக்கி ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். வங்கி ஊழியர் வாயே திறக்கவில்லை. ஆகவே இருக்கிறபடியே விடுகிறேன்.

புதன்கிழமை ஆஸ்பத்திரியில் முகமூடி அளவெடுத்தார்கள். சிகிச்சையின்போது முகம் அசையாமல் பிடித்துவைக்க, ஒவ்வொருவர் முகத்துக்கும் தனித்தனியாகச் செய்வது. ஓட்டை ஓட்டையான பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் இளக்கி முகத்தின் மேல் இழுத்துவிடுவார்களாம். நானும் ஷெர்வினும் வெளியே பெஞ்சில் முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தோம். ஜூடித் கன்னத்தைத் தடவிக்கொண்டே வந்தார்.

“ருமாலி ரொட்டிடா ஷெர்வின்! கவுத்துப் போட்ட கடாய் மேல போடுவான் பாரு, அந்த மாதிரி. என் மூஞ்சிதான் கடாய். சூடா, இளசா உக்காந்துச்சு. கொஞ்ச நேரத்துல மொறுமொறுன்னு ஆயிடுச்சு. தொட்டுக்கத்தான் ஒண்ணும் குடுக்கல.”

ஷெர்வின் சிரித்தார். பிறகு வண்டியை எடுத்து வருகிறேன் என்று போனவர் பதினைந்து நிமிடம் வரவில்லை. வண்டி கண்ணெதிரேதான் நின்றது.

மதியச் சாப்பாடு ஷெர்வின் தேர்வு. இந்திராநகரில் உடல்நலச் சாப்பாட்டுக் கடை ஒன்று.

“டிரீட்மென்ட்டுக்கு முன்னாடி பாடியை ரெடி பண்ணணும்க்கா. மைதா, சுகர், ஆயில் எல்லாம் கட்.”

“டாக்டரு நல்லா சாப்ட்டு வெயிட் ஏத்துன்னாருடா.”

“நல்ல வெயிட்டுன்னு சொல்லியிருப்பாரு.”

“வெயிட்ல என்னடா நல்லது கெட்டது? ஞானஸ்நானம் குடுத்த வெயிட்டா?”

இந்தக் கடையைக் கிண்டல் செய்து மூன்று வாக்கியம் எழுதி வைத்திருந்தேன். விதை தூவிய கிண்ணம், மரக்கரண்டி, தண்ணீரில் மிதக்கும் வெள்ளரிக்காய் என்று. மூன்றையும் எடுத்துவிட்டேன். ஏனென்றால் ஜூடித் பீட்ரூட் துண்டு ஒன்றை வாயில் வைத்துவிட்டுத் தலையைச் சாய்த்துவிட்டார்.

“டேய், இதை வேகவைக்கலடா. தோலோட சுட்டிருக்கான். மண்ணு வாசனையை ஓட்டல. மேல லேசா ஒரு எலுமிச்சம்பழம், அவ்ளோதான்.” நோட்டை எடுத்து முதல் பத்தியில் பீட்ரூட் என்று எழுதினார். “தேங்க்ஸ்டா.”

ஷெர்வின் அன்று இரண்டாவது கிண்ணம் ஒன்று வாங்கிச் சாப்பிட்டார். தராசு இல்லாமல்.

6.

வியாழன் பல் மருத்துவர். கதிர்வீச்சுக்கு முன்னால் பல்லையெல்லாம் சரிபார்த்துவிட வேண்டுமாம். இரண்டு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். வழியில் ஒரு பேக்கரி, காரா பன் அடுப்பிலிருந்து வருகிற நேரம். ஜூடித் நடைபாதையிலேயே கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். அந்தக் கடிதம் நான்கு வரி.

வெள்ளிக்கு மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன். விட்டுவிடுகிறேன். சிவாஜிநகர், கபாப், இருவர் சட்டையிலும் எண்ணெய்.

7.

சனிக்கிழமையைத் தாண்டிப் போக முடியாது. அன்று கேக்.

ஜூடித் வருடாவருடம் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் கேக்கின் நிறமும் உயிரும் கருக்கிய சர்க்கரையில் இருக்கின்றன. சர்க்கரையை வாணலியில் உருக்கிக் கருக்கி, சரியான நொடியில் வெந்நீரை ஊற்றி நிறுத்திவிட வேண்டும். முந்தி நிறுத்தினால் வெறும் இனிப்பு. பிந்தினால் கசப்பு. வருகிற டிசம்பரில் தனக்கு நாக்கு இருக்காது என்பதால், ஒரு ஒத்திகை செய்துவிடலாம், நீ எல்லாவற்றையும் எழுதிக்கொள் என்றார்.

“வாசனைய நம்பாத. கெட்டுப்போனப்புறமும் வாசனை சூப்பராத்தான் இருக்கும். சொட்டு எடுத்து குளிர்ந்த தண்ணில விடு, கடி. கசப்பு வாசல்ல வந்து நிக்கணும். உள்ள வரக் கூடாது.”

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொட்டைக் கடித்து, தலையைச் சாய்த்து, “ஆச்சு!” என்று வெந்நீரை ஊற்றிய நொடியைக் குறித்தேன். ஆறு நிமிடம் நாற்பது நொடி. சர்க்கரை எத்தனை கிராம், எந்த வாணலி, எந்தக் கரண்டி எல்லாம் எழுதினேன்.

ஒன்றை எழுதவில்லை. அன்று அவர் வீட்டு கேஸ் சிலிண்டர் தீரும் தறுவாயில் இருந்தது. தீ நூல் மாதிரி எரிந்தது.

8.

ஞாயிறு விடியற்காலை ஐந்தரைக்கு ஹொஸ்கோட்டையில் பிரியாணி வரிசை. ஏழாவது கடிதத்திலிருந்து ஒரு பத்தி மட்டும்:

“மேடம், இன்று முதல் வாயில் நான் நேரம் பார்க்கவில்லை. சூட்டில் நெய் முதலில் வந்தது. அதற்குப் பிறகு காரம் வந்தது; ஆனால் நாக்கில் அல்ல, காதுக்குப் பின்னால். புதினா கடைசியில், எல்லாரும் போன பிறகு கதவைச் சாத்த வந்தவர் மாதிரி வந்தது. இது சரியா என்று தெரியவில்லை. சரியில்லாவிட்டால் சொல்லுங்கள், திருத்தி அனுப்புகிறேன்.”

அவர் சொன்னது: “திருத்தினா கொன்னுடுவேன்.”

என் ஐம்பத்தொரு வயதில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அது. அந்தப் பாராட்டுத்தான் பிறகு என்னைப் பொய் சொல்ல வைத்தது என்று நினைக்கிறேன். (இந்த வாக்கியம் தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறது. இருக்கட்டும்.)

9.

டாக்டர் சொன்னபடியே மூன்றாவது வாரத்தில் ருசி போயிற்று. “எல்லாம் ஈர அட்டை” என்று சிலேட்டில் எழுதிக் காட்டினார் ஜூடித். வாயெல்லாம் புண், பேச முடியாது. ஏழு கடிதங்களையும் தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். கஞ்சி குடிக்கும்போது ஒன்றை எடுத்துப் படிப்பார். முதல் கடிதத்தைக் கூட. அதைப் படிக்கும்போது தோள் குலுங்கும், சிரிப்பில்.

டிசம்பர் இருபதாம் தேதி அவர் சமையலறை நாற்காலியில் போர்த்திக்கொண்டு உட்கார, நானும் ஷெர்வினும் கேக் மாவு கலந்தோம். ஆகஸ்டிலிருந்து ரம்மில் ஊறிய பழங்கள் தயார். வெண்ணெயை ஷெர்வின் அடித்தார், அந்தக் கைக்கு அது ஒரு வேலையே இல்லை. சர்க்கரை என் பொறுப்பு. சிலிண்டர் புதியது. தீ நீலமாக, நிமிர்ந்து எரிந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

ஆறு நிமிடம் நாற்பது. வெந்நீரை ஊற்றினேன். ஜூடித் ஒரு சொட்டை வாங்கி வாயில் வைத்து, பழக்கத்தில் தலையைச் சாய்த்து, வெகுநேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொட்டுக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். சிலேட்டில் கேள்விக்குறி மட்டும் போட்டார்.

நான் கடித்தேன். கசப்பு வாசலில் நிற்கவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது. அதை என் நாக்கு சொல்லியது. சத்தியமாகச் சொல்லியது. ஆனால் நோட்டில் ஆறு நிமிடம் நாற்பது என்று என் கையெழுத்தில் இருந்தது. என் நாக்கையும் என் நோட்டையும் எதிரெதிரே நிறுத்தினால் நான் எதை நம்புவேன்? முப்பது வருடம் தபால் பிரிவில் இருந்தவன்.

“சரியா இருக்கு மேடம்.”

அவர் கட்டைவிரலை உயர்த்தினார்.

10.

மர்ஃபி டவுன் பக்கம் நிறையக் குடும்பங்கள் வீட்டில் மாவைக் கலந்து, டின்னில் ஊற்றி, பச்சைமுத்துவின் பேக்கரிக்குக் கொண்டுபோவார்கள். விறகு அடுப்பு. கூலி வாங்கிக்கொண்டு வேகவைத்துக் கொடுப்பார். டின்னில் சாக்பீஸால் ஒரு எண் போட்டு, அதே எண்ணைச் சுவரில் வீட்டுப் பெயரோடு எழுதுவது அவர் முறை.

நான் கொண்டுபோனதையும் சேர்த்து வரிசையில் பதினோரு டின்கள் இருந்தன. சாக்பீஸ் எண்கள் கோணல்மாணலாக இருந்தன. எனக்குப் பொறுக்கவில்லை. பையில் அலுவலக லேபிள் தாள் இருந்தது. பச்சைமுத்து உள்ளே விறகு தள்ளிக்கொண்டிருந்த நேரத்தில், பதினோரு டின்னிலும் சாக்பீஸைத் துடைத்து, பெயர், தெரு, வரிசை எண் எழுதி, அழகாக லேபிள் ஒட்டினேன்.

இதை எழுதும்போதுதான், யாராவது இதை நம்புவார்களா என்று தோன்றுகிறது. நம்புங்கள். ஒட்டும்போது எனக்கு எவ்வளவு திருப்தியாக இருந்தது தெரியுமா?

ஒன்றரை மணி நேரம் கழித்து டின்கள் வெளியே வந்தன. ஒன்றிலும் லேபிள் இல்லை.

“பேப்பரை அடுப்புல போட்டா என்ன சார் ஆவும்?” என்றார் பச்சைமுத்து.

“எனக்குத் தோணலையே.”

“எங்க போவணுமோ அங்க போய்ச் சேர்ந்துடுச்சு சார். நீங்க தபால்காரர்தானே?”

சதுர டின், இதய வடிவ டின், ஓரம் நசுங்கின டின் என்று ஒன்பது டின்னை அவரவர் வந்து அடையாளம் காட்டி எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒரே கடையில் வாங்கிய ஒரே அளவு வட்ட டின்கள். ஒன்று ஜூடித்தினுடையது. இன்னொன்று அடுத்த சந்தில் குடியிருக்கும் அனுஷா என்கிற நர்ஸுடையது. கல்யாணமாகி முதல் கிறிஸ்துமஸ், முதல் கேக். இரவுப் பணி முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தார் போல, யாரும் எடுக்க வரவில்லை.

“எது யாருதுன்னு நீங்களே பார்த்துக்குங்க சார்” என்று பச்சைமுத்து அடுத்த ஈட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

இரண்டின் ஓரத்திலும் ஒரு துணுக்கு கிள்ளினேன். ஒன்று கசந்தது. அது என் ஆறு நிமிடம் நாற்பது. மற்றது…

(மற்றதை எழுத நான்கு முறை முயன்றேன். “பழம் முதலில், பிறகு” – “மென்மையாக, ஆனால்” – வேண்டாம். தலை தானாகச் சாய்ந்தது என்று மட்டும் எழுதுகிறேன்.)

கசந்ததை அனுஷாவின் டின் என்று பச்சைமுத்துவிடம் கொடுத்தேன். நல்லதை ஜூடித்திடம் கொண்டுபோனேன்.

ஏன்? வருகிற வழியில் பத்து காரணம் வைத்திருந்தேன். எல்லாம் உடம்பு சரியில்லாதவர், மனசு, கிறிஸ்துமஸ் என்று போகும். அவையெல்லாம் இரண்டாவது காரணங்கள். கசப்பு டின்னைக் கொண்டுபோய்க் கொடுத்தால், சொட்டைக் கடித்துவிட்டு நான் “சரியா இருக்கு” என்று சொன்னது பொய்யென்று ஆகும். அவர் தன் நாக்குக்குப் பதிலாக என்னை வைத்திருந்தார். அந்த இடத்தை இழக்க எனக்கு மனமில்லை.

கிறிஸ்துமஸ் அன்று வந்தவர்களெல்லாம் சாப்பிட்டுவிட்டு, “ஜூடித், இந்த வருஷம் மாதிரி எந்த வருஷமும் இல்ல” என்றார்கள். ஷெர்வின் மூன்று துண்டு சாப்பிட்டார். ஜூடித் எல்லார் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிலேட்டில் எழுதி எனக்கு மட்டும் காட்டினார்: “நீ போட்ட சக்கரை.”

11.

மூன்று முடிவுகள் எழுதியிருக்கிறேன்.

முதல் முடிவில் ஒருவருக்கும் எதுவும் தெரிவதில்லை. கேக் தீர்ந்துபோகிறது, வாழ்க்கை போகிறது. இது பிப்ரவரி வரை சரியாக இருந்தது. பிறகு ஒரு நாள் பஸ் நிறுத்தத்தில் அனுஷாவைப் பார்த்தேன். இந்த ஈஸ்டருக்கு என்ன செய்யப்போகிறாய் என்று சும்மா கேட்டேன்.

“ஐயோ, நான் இனிமே கேக் பக்கமே போகமாட்டேன் அங்கிள். ஒரே கசப்பு. எங்க மாமியார் ஒண்ணும் சொல்லல, பால்ல தோச்சுத் தோச்சு சாப்பிட்டாங்க. டின்னைக் கூட யாருக்கோ குடுத்துட்டேன். சிலருக்குக் கை வராது போல.”

அந்த முடிவைக் கிழித்துவிட்டேன்.

இரண்டாவது முடிவில் நான் ஜூடித்திடம் நேரில் போய்ச் சொல்கிறேன், அவர் மன்னிக்கிறார், இருவரும் காபி குடிக்கிறோம். இதை எழுதியபோது எனக்கு அழுகை வந்தது. ஆகவே பொய்யாகத்தான் இருக்க வேண்டும். ஜூடித் அப்படிச் சுலபமாக மன்னிக்கிறவர் அல்ல. சட்னியில் தேங்காய்க்குப் பதில் பொட்டுக்கடலையைக் கூட்டிய கடைக்கு அவர் ஏழு வருடமாகப் போகவில்லை.

மூன்றாவதைச் சொல்ல, நேற்று வந்த தொலைபேசி அழைப்பைச் சொல்ல வேண்டும்.

“கேசவா! காலைல காபி குடிச்சேன் மேன். கசந்துச்சு!”

“மேடம்?”

“கசந்துச்சுன்றேன்! லேசா, பின்னாடி. மூணு மாசம் கழிச்சு முதல் தடவை. காபிதானா, இல்ல நான் ஆசைப்பட்டு நினைச்சுக்கறேனான்னு தெரியல. அதனால யாருக்கும் சொல்லல. ஷெர்வினுக்குக் கூட. ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சதும் பதினோரு மணிக்கு வா. கேக்கைப் பிரிக்கிறேன்.”

கிறிஸ்துமஸ் கேக்கில் ஒரு துண்டை ரம்மில் நனைத்த துணியில் சுற்றி ஈஸ்டர் வரை எடுத்துவைப்பது அவர் வீட்டு வழக்கம். இந்த வருடம் அதைத் தன் நாக்குக்கு வைத்த பரீட்சையாக வைத்திருக்கிறார். இருபத்தாறு வருடமாகச் செய்கிற கேக், உலகத்தில் தனக்கு மிக நன்றாகத் தெரிந்த ருசி, அது தெரிந்தால் நாக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

துணிக்குள் இருப்பது அவருடைய கேக் அல்ல.

12.

இன்று சனிக்கிழமை, சாயங்காலம். பதினோராம் பகுதி வரை இந்தக் கடிதத்தை, அல்லது கதையை, இரண்டு பிரதி எடுத்திருக்கிறேன். ஒன்றை மத்தியானமே அனுஷாவின் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்தேன். மேலே தனியாக ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: “போன கிறிஸ்துமஸுக்கு மர்ஃபி டவுன் முழுக்கப் புகழ்ந்த கேக் உங்களுடையது. டின் ஒன்று வாங்கி பச்சைமுத்துவிடம் கொடுத்திருக்கிறேன்.” அவர் ஜூடித்தின் கதவைத் தட்டுவாரா, என்னைத் தேடி வந்து கத்துவாரா தெரியாது. இரண்டுக்கும் அவருக்கு உரிமை உண்டு.

மற்றொரு பிரதி ஜூடித்துக்கு. உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். எப்போது கொடுப்பது என்பதுதான் மிச்சம்.

பதினோரு மணிக்கு முன்னால் கொடுத்தால் நான் யோக்கியன். ஆனால் அவருடைய பரீட்சையில் வினாத்தாளை வெளியிட்டவனாவேன். இது உங்கள் கேக் அல்ல என்று சொல்லிக் கொடுத்தபின் சாப்பிட்டால், தன் நாக்கு சொல்லியதா, என் கடிதம் சொல்லியதா என்று அவருக்கு எப்படித் தெரியும்? பிறகு கொடுத்தால், அவர் முதல் விள்ளலை வாயில் வைக்கும்போது எதிரே உட்கார்ந்திருப்பவன், எல்லாம் தெரிந்த ஒரு பொய்யன்.

என்ன நடக்கலாம் என்று யோசித்துப் பார்க்கிறேன். அவர் சாப்பிட்டுவிட்டு, “சூப்பர் மேன், என் கேக்!” என்று சிரித்தால் நான் தப்பித்தேன். அதைவிடக் கொடுமை எனக்கு வேறில்லை. அப்படியானால் நாக்கு வரவில்லை. காபியின் கசப்பு அவர் ஆசைப்பட்டு நினைத்துக்கொண்டது.

இல்லை, அவர் மென்றபடி பேச்சை நிறுத்த வேண்டும். போனைக் கவிழ்க்க வேண்டும். தலை இடப்பக்கம் சாய வேண்டும். பிறகு மெல்ல என் பக்கம் திரும்பி, அலுவலகமே கேட்கிற அந்தக் குரலில், இது யார் கேக் என்று கேட்டு, என்னைத் திட்ட வேண்டும். தமிழில், கன்னடத்தில், எந்தப் பாஷையில் வேண்டுமானாலும். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும். நான் கடிகாரம் பார்க்கமாட்டேன்.

உறையை முதலில் கொடுப்பதா, தட்டு காலியான பிறகா என்று என்னால் முடிவு செய்ய முடியவில்லை. நீங்கள் சொல்லுங்கள். ஆனால் அதற்கடுத்த வரியை நீங்களும் எழுதாதீர்கள், நானும் எழுதப்போவதில்லை. அந்த வசவு அவர் வாயிலிருந்தே வரட்டும். அதற்காக இங்கே கீழே இடம் விடுகிறேன், கொஞ்சம் அதிகமாகவே.